தகட்டில் கோச்சுக்கும் ஒரு வரி: பாலக்காடு கடையின் ‘ஹால் ஆஃப் ஃபேம் செட்’ எப்படி?

பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி வரை கப், ஷீல்டு, மெமென்டோ விற்கிற கடைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பாலக்காடு டவுனில் இருக்கிற ஒரு கடை ‘ஹால் ஆஃப் ஃபேம் செட்’ என்று மொத்தமாகச் செய்து கொடுக்கிறது. பள்ளிக்கூடமோ, கிளப்போ, ஊர் விளையாட்டுக் கமிட்டியோ, யார் கேட்டாலும் ஒரே செட்தான். நாலடி உயரம், இரண்டரை அடி அகலத்தில் ஒரு பலகை, அதில் பதிக்க 24 பெயர்த் தகடு, மேடையில் கொடுக்க 12 மெமென்டோ, 12 பொன்னாடை, சுவரில் மாட்டித் தரும் கூலி. கடையின் பெயரை இங்கே போடவில்லை. கீழே வருகிற குறைகளில் பாதி கடைக்காரர் செய்தவை அல்ல, ஆர்டர் கொடுக்கிறவர்கள் எழுதிக் கொடுக்காமல் விடுவதால் வருபவை. மீதிப் பாதி எந்தக் கடைக்குப் போனாலும் இருக்கும்.

பெரிய குறையை முதலில் சொல்லிவிடலாம். கடையின் கம்ப்யூட்டரில் இருக்கிற தகட்டு டிசைனில் நாலே வரி: பெயர், விளையாட்டு, சாதனை, வருடம். கோச்சுக்கு வரி கிடையாது. கேட்டால், “கோச்சுக்குத் தனியா ஒண்ணு அடிச்சு கீழே வெச்சுக்கலாம் சார்” என்று பதில் வரும். அப்படிச் செய்தால் கோச்சுகள் எல்லாரும் அடிவரிசையில், பலகைக்குப் பணம் கொடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். யார் யாரை ஓட வைத்தார் என்று பலகையைப் பார்த்து ஒருவருக்கும் தெரியாது.

வேறு ஊரில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாலக்காட்டில் அப்படி விட முடியாது. பறளி, முண்டூர், குமரம்புத்தூர் என்று பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாலே தடகளம் தெரிந்தவர்களுக்குப் புரியும். விடியுமுன் விசிலோடு மைதானத்தில் நின்ற பி.டி. மாஸ்டர்கள் கட்டிய தடகளம் இது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடையோட்டத்தில் 58.47 விநாடியில் தங்கம் வாங்கிய எம்.டி. வல்சம்மா பாலக்காடு மெர்சி கல்லூரி மாணவி. அவரைத் தயார் செய்தவர் ஏ.கே. குட்டி. ஒரு பெயரை மேல் வரிசையிலும் இன்னொன்றைக் கீழ் மூலையிலும் பதித்தால் அந்தத் தங்கத்தின் பாதிக் கதை போச்சு. நாட்டின் விருதுகளுக்கே இந்தக் குறையைத் திருத்திக்கொள்ள 24 வருடம் ஆனது. வீரர்களுக்கு அர்ஜுனா விருது 1961இல் வந்தது, கோச்சுகளுக்குத் துரோணாச்சார்யா 1985இல்தான். அந்த முதல் வருடம் அதை வாங்கியவர்களில் ஒருவர் பி.டி. உஷாவின் கோச் ஓ.எம். நம்பியார். கடையின் டிசைன் மட்டும் இன்னும் 1984இலேயே நிற்கிறது.

சரி செய்வது சுலபம். கடையின் வழக்கமான தகடு 8க்கு 3 அங்குலம். அதை 8க்கு 3.5 ஆக்கச் சொன்னால் ஐந்து வரி தாராளமாக நிற்கும். பெயர் 14 மி.மீ. உயரம், மற்ற நாலு வரியும் 7 மி.மீ., வரிக்கு வரி 5 மி.மீ. இடைவெளி, மேலும் கீழும் 12 மி.மீ. ஓரம். கூட்டினால் 86 மி.மீ., தகடு 89. மூன்று பத்தி, எட்டு வரிசை, வரிசைக்கு நடுவே அரை அங்குலம், தலைப்புக்கு எட்டு அங்குலம் என்று வைத்தாலும் மொத்த உயரம் 39.5 அங்குலம்தான். 48 அங்குலப் பலகையில் இடிக்காது. கூடுதல் காசும் தகட்டின் சதுர அங்குலக் கணக்கில் வருவதுதான், டிசைனுக்கென்று தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கோச் வரியில் யார் பெயரைப் போடுவது என்பது கமிட்டிக்குள் சண்டை வருகிற இடம். பள்ளியில் கண்டுபிடித்தவர் ஒருவர், கல்லூரியில் வளர்த்தவர் ஒருவர், தேசிய முகாமில் கடைசி இரண்டு வருடம் பார்த்தவர் ஒருவர். வரியில் இரண்டு பெயருக்கு மேல் வேண்டாம். ‘முதல் பயிற்சி’ என்று ஒன்று, ‘பயிற்சி’ என்று ஒன்று. இரண்டாவது இடத்தில் அந்தத் தகட்டில் எழுதியிருக்கிற சாதனையின்போது கோச்சாக இருந்தவர் வர வேண்டும். பிறகு எந்தப் பதவிக்கு உயர்ந்தவரானாலும் இதில் அவருக்கு இடமில்லை. அப்பாவே கோச் என்றால் வரியை விட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், கூடாது. பாலக்காட்டு நீளத் தாண்டுதல் வீரர் எம். ஸ்ரீசங்கர் பெயரில் இருக்கிற ‘எம்’ என்பது அப்பா எஸ். முரளி, முன்னாள் மும்முறைத் தாண்டுதல் வீரர், மகனுக்குக் கோச். கோச்சின் பெயர் இனிஷியலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் படிக்கிற ஆறாம் வகுப்புப் பையனுக்கு அது தெரியாதே.

அடுத்தது மொழி. இந்தக் கடையில் மிகவும் கவனமாக இருக்க வேண்டியது இதில்தான். டிசைன் செய்கிற ஆளுக்கு மலையாளம் சரளம், தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார். சிற்றூர் தாலூகாவின் தமிழ் மீடியம் பள்ளிக்கு இரண்டு மொழியிலும் தகடு வேண்டுமென்றால் மலையாள வரியை எடுத்து அப்படியே தமிழ் எழுத்தில் மாற்றிப் போட்டுவிடும் அபாயம் உண்டு. மலையாளத்தில் விளையாட்டு வீரர் ‘காயிகதாரம்’. தமிழ்த் தகட்டில் ‘காயிக தாரம்’ என்று ஏறினால், கௌரவிக்கப்படுவது யாருடைய மனைவி என்று கேட்பார்கள். கோச் மலையாளத்தில் ‘பரிசீலகன்’. நமக்குப் பரிசீலனை என்றால் மனு மேசையில் கிடக்கிறது என்று அர்த்தம். ‘ஆதரம்’ அங்கே மரியாதை, தமிழில் அது ஆதரவாகி, பலகையின் தலைப்பு ஏதோ தேர்தல் நோட்டீஸ் மாதிரி நிற்கும். மூன்றுமே எழுத்துப்பிழை சரிபார்ப்பில் மாட்டாது, ஏனென்றால் எழுத்தில் பிழை இல்லை. தமிழ் வரிகளைத் தமிழ் படித்தவர் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். மலையாளத்தின் கீழே தமிழ் எழுதிய ஒரே காகிதமாகக் கொடுக்க வேண்டாம். இரண்டு காகிதம், வரிக்கு வரி எண் போட்டு.

எழுதிக் கொடுத்தாலும் ஃபான்ட் ஒரு கண்டம். வாட்ஸ்அப்பில் அனுப்புகிற தமிழ் யூனிகோடு. கடையில் இருப்பது பழைய கோரல்டிராவும் யூனிகோடு தெரியாத பாமினி வகை ஃபான்டும். ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். ‘கொழிஞ்சாம்பாறை’ என்ற ஊர்ப் பெயரில் முதல் எழுத்தே சிதறிவிடும். அப்போது ஆபரேட்டர் என்ன செய்வார்? பார்த்துப் பார்த்து மறுபடி டைப் செய்வார். ன, ண, ந மாறுவதும், ர, ற மாறுவதும் அந்த நேரத்தில்தான். இதைத் தவிர்க்க ஒரே வழி, வரிகளை உங்கள் பக்கமே நல்ல யூனிகோடு ஃபான்டில் அமைத்து, எழுத்துகளை வடிவமாக மாற்றி, பி.டி.எஃப். ஆகக் கொடுப்பது. கடை பாஷையில் ‘கர்வ்ஸ்’ செய்து கொடுப்பது. அப்படிக் கொடுத்த கோப்பில் அவர்கள் சைஸை மாற்றலாம், எழுத்தை மாற்ற முடியாது. இந்தக் கடை அதை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறது. இதற்கு ஒரு மார்க் கூடவே போடலாம்.

இரண்டு மொழி என்றால் தகடு 8க்கு 5 அங்குலம் வேண்டும், பலகை 54 அங்குலம். அதாவது அரை அடி கூடுதல். 3.5 அங்குலத் தகட்டில் இரண்டு மொழியைத் திணித்தால் சின்ன எழுத்து 4 மி.மீ.க்கு இறங்கிவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்து அந்த அளவில் தாங்கும், நம் எழுத்து தாங்காது. ஞ, ணை, ஜ, ஸ்ரீ போன்றவற்றின் உள்வளைவில் கறுப்புப் பெயின்ட் அடைத்துக்கொண்டு பொட்டு மாதிரி தெரியும். ‘ஸ்ரீ’யின் சுழி அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், மற்ற எழுத்துகள் எல்லாம் பாஸ்.

இனி எண்கள். கடை தப்புச் செய்தால் அடுத்த நாளே கண்டுபிடித்துவிடலாம். நாமே தப்பாகக் கொடுத்தால் இருபது வருடம் சுவரில் நிற்கும். ஓட்ட நேரத்தில் எலெக்ட்ரானிக் டைமிங் என்றால் இரண்டு தசம இடம், கையால் எடுத்தது என்றால் ஒன்று. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் 400 மீட்டர் தடையோட்டத்தில் உஷா 55.42, வெண்கலம் வாங்கிய ருமேனியாவின் கோஜொகாரு 55.41. ஆபரேட்டர் இடம் போதவில்லை என்று 55.4 ஆக்கினால் இரண்டு பேரும் ஒரே நேரம் ஓடியதாகிவிடும், உஷா ஏன் நாலாவது என்பதற்குப் பலகையில் விடை இருக்காது. நீண்ட ஓட்டங்களில் புள்ளி மேல் புள்ளி வைப்பது இன்னொரு வழக்கம். 2010 குவாங்சூ ஆசிய விளையாட்டில் இடுக்கியின் பிரீஜா ஸ்ரீதரன் 10,000 மீட்டரில் தங்கம் வாங்கிய நேரத்தை ‘31.50.47’ என்று அடிக்கக் கூடாது. 31:50.47, அல்லது இடம் இருந்தால் ‘31 நிமிடம் 50.47 விநாடி’. பர்மிங்ஹாம் 2022 காமன்வெல்த்தில் மும்முறைத் தாண்டுதல் தங்கமும் வெள்ளியும் இரண்டு மலையாளிகளுக்கு: எல்தோஸ் பால் 17.03 மீட்டர், அப்துல்லா அபூபக்கர் 17.02. ஒரு சென்டிமீட்டர்தான் மெடலின் நிறத்தையே மாற்றியது.

அதே பர்மிங்ஹாமில் ஸ்ரீசங்கர் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி, தங்கம் வாங்கிய பஹாமாஸ் வீரரும் 8.08. இரண்டாவது சிறந்த தாண்டுதலைப் பார்த்து முடிவானது. தகட்டில் ‘8.08 மீ., வெள்ளி’ என்று மட்டும் போட்டால் சரிதான். பலகையைத் திறந்து வைக்க வருகிறவர் ‘தங்கத்தைவிடக் குறைவு’ என்று பேசாமல் இருக்க ஒருவர் முன்கூட்டியே காதில் போட்டு வைக்க வேண்டும்.

வருடத்தில் ஒரு குழி இருக்கிறது. ஹாங்சோ ஆசிய விளையாட்டின் பெயர் 2022, நடந்தது 2023 செப்டம்பர், அக்டோபரில். அங்கே ஸ்ரீசங்கர் 8.19 மீட்டரில் வெள்ளி, 800 மீட்டரில் பாலக்காடு மாவட்டத்து முகமது அஃப்சலும் வெள்ளி. டோக்கியோ ஒலிம்பிக்ஸும் அப்படித்தான், பெயரில் 2020, நடந்தது 2021. கடை டிசைனில் ‘வருடம்’ என்று ஒரே கட்டம் இருப்பதால் ஒரு தகட்டில் 2022, பக்கத்துத் தகட்டில் 2023 என்று ஒரே போட்டிக்கு இரண்டு வருடம் ஏறும். போட்டியின் பெயரோடு வருடத்தை ஒட்டி எழுதிவிட்டு (‘ஆசிய விளையாட்டு 2022, ஹாங்சோ’), கௌரவித்த வருடத்தைத் தகட்டின் வலது கீழ் மூலையில் சின்னதாகப் போட்டால் குழப்பம் தீர்ந்தது.

பள்ளி அளவிலான சாதனைகளுக்கு வயதுப் பிரிவு கட்டாயம். குண்டு எறிதலில் சீனியர் ஆண்கள் குண்டு 7.26 கிலோ, 20 வயதுக்குட்பட்டவர்களுக்கு 6, 18க்குட்பட்ட பையன்களுக்கு 5. பிரிவு போடாமல் தூரத்தை மட்டும் எழுதினால் அண்ணனின் சீனியர் சாதனையைத் தம்பி ஜூனியரில் முறியடித்ததாகப் பலகை சொல்லும். 100 மீட்டர், 200 மீட்டர், நீளத் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் என்றால் காற்று அளவும் பார்க்க வேண்டும். பின்காற்று விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் போனால் பதக்கம் செல்லும், ரெக்கார்டு செல்லாது. பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று அடிக்கிற மாதங்களில் உள்ளூர் மைதானத்தில் எடுத்த தூரங்களை, காற்றளவு இல்லாமல் ‘மாவட்ட ரெக்கார்டு’ என்று தகட்டில் ஏற்ற வேண்டாம். ரிலே என்றால் நாலு பெயரும், ஓடிய வரிசையில். பெண்களுக்குச் சாதனை செய்தபோது இருந்த பெயர். உத்தியோகமும் பதவியும் தகட்டில் வேண்டாம், மாறிக்கொண்டே இருக்கும்.

பொருளுக்கு வருவோம். செட்டோடு வருகிற தகடு தங்க நிற அலுமினியம், அரை மி.மீ. தடிமன், சப்ளிமேஷன் அச்சு. தாளில் அச்சடித்த மையைத் தகட்டின் மேல்பூச்சில் சூட்டால் ஏற்றுகிற முறை அது. படம், லோகோ எல்லாம் அழகாக வரும், அன்றைக்கே கையில் கிடைக்கும். உள்ளறையில், வெயில் படாத சுவரில் என்றால் ஒன்றும் சொல்வதற்கில்லை. மேற்குப் பார்த்த வராண்டாவில் மாட்டினால் மை வெளுக்கும், முதலில் சிவப்பும் மஞ்சளும் போகும். கடை இதை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டித் தருகிறது. மார்ச், ஏப்ரல் வெயிலில் டேப்பின் பசை இளகித் தகடு ஒரு பக்கம் சரியும். ஸ்க்ரூ போடச் சொன்னால் அரை மி.மீ. அலுமினியம் ஸ்க்ரூ தலையைச் சுற்றிக் குழிகிறது.

காசு இருந்தால் பித்தளை எச்சிங். இந்தக் கடை அதைத் தானே செய்வதில்லை, கோயம்புத்தூரில் கொடுத்து வாங்கித் தருகிறது. 1.2 அல்லது 1.5 மி.மீ. பித்தளைத் தகட்டில் எழுத்தை விட்டு மற்ற இடத்தை மறைத்து, ஃபெர்ரிக் குளோரைடில் அரித்து, பள்ளத்தில் பெயின்ட் நிரப்பி, மேலே லாக்கர் (நிறமில்லாத வார்னிஷ்) பூசுவார்கள். வந்த தகட்டைச் சரிபார்க்க ஒரு வழி: எழுத்தின் மேல் நகத்தைக் குறுக்கே இழுங்கள். பள்ளத்தின் விளிம்பில் நகம் தட்ட வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் அது எச்சிங் இல்லை, ஃபைபர் லேசரில் மேலாக அடித்த மார்க்கிங். லேசர் மார்க்கிங்கும் மோசமில்லை, ஆனால் எச்சிங் விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். செட்டில் 24 தகடும் ஒரே முறையில்தான் வந்தனவா என்று ஒவ்வொன்றாக நகம் இழுத்துப் பார்ப்பது அரை மணி நேர வேலை, அதைக் கடையிலேயே செய்துவிடலாம்.

பித்தளை வந்தபின் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். விழாவுக்கு முந்தின நாள் ‘பளபளன்னு இருக்கட்டும்’ என்று பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்தால் லாக்கரும் போகும், எழுத்தில் இருக்கிற பெயின்ட்டும் போகும். அதன்பிறகு விரல் பட்ட இடமெல்லாம் கறுக்கும். லாக்கர் பூசிய தகட்டுக்கு ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி. அவ்வளவுதான். இரும்பு ஸ்க்ரூவும் ஆகாது. முதல் மழைக்கே துரு ஓட்டையிலிருந்து வழிந்து பெயரின் மேல் கோடு போடும். பித்தளை ஸ்க்ரூ அல்லது 304 ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். கேட்காவிட்டால் நிக்கல் பூச்சு போட்ட இரும்பு வரும்.

பலகை 18 மி.மீ. எம்.டி.எஃப்., மேலே லாமினேட். செட்டில் மிகவும் பலவீனமான பொருள் இதுதான், கடை இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. எம்.டி.எஃப். மர நாரை அழுத்திச் செய்தது. ஜூன், ஜூலையில் சாரல் அடிக்கிற வராண்டாவில் கீழ் விளிம்பு தண்ணீர் குடித்து ஊதும், லாமினேட் வாய் பிளக்கும், ஊதிய இடத்தில் ஸ்க்ரூ பிடிக்காது. ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட் கேட்டு, நாலு விளிம்பிலும் மரப் பட்டி வைத்து அடைக்கச் சொல்ல வேண்டும். முத்திரை 303 என்று இருந்தால் அது வேறு சரக்கு, வீட்டு அலமாரிக்கு. பலகைக்கும் சுவருக்கும் நடுவே 10, 12 மி.மீ. இடைவெளி விட்டு மாட்டினால் சுவரின் ஈரம் பலகைக்கு ஏறாது. கடையின் ஆள் சுவரோடு ஒட்டித்தான் மாட்டுவார், சுத்தமாகத் தெரியுமாம். ஸ்பேசர் வைக்கச் சொன்னால் வைத்துத் தருகிறார்.

கிரானைட்டில் செதுக்கி வைத்துவிட்டால் என்ன என்று ஒரு கட்சி எப்போதும் இருக்கும். மழை, வெயில் எதற்கும் அசையாது, உண்மை. ஆனால் வருடா வருடம் பெயர் சேர்கிற பலகைக்குக் கல் சரிப்படாது, ஒரு பெயர் சேர்க்கக் கல்லைக் கழற்ற வேண்டும், அல்லது கொத்துகிற ஆளை மெஷினோடு வரவழைக்க வேண்டும். எழுத்துப்பிழை வந்தால் அதற்கு மருந்தே இல்லை.

மெமென்டோ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். செட்டில் வருவது ஆக்ரிலிக், 8 மி.மீ., கீழே மரப் பீடம். ஆக்ரிலிக்கில் காஸ்ட் என்றும் எக்ஸ்ட்ரூடட் என்றும் இரண்டு உண்டு. காஸ்ட்டில் லேசர் பட்ட இடம் வெள்ளையாகப் பனி படிந்த மாதிரி வரும், மேடையிலிருந்தே எழுத்து தெரியும். மற்றதில் எழுத்து கண்ணாடியாகவே இருக்கும், கறுப்புத் துணி பின்னால் பிடித்தால்தான் படிக்கலாம். இந்தக் கடை தருவது காஸ்ட், நல்ல சரக்கு. துடைக்க ஸ்பிரிட்டும் சானிடைசரும் கூடாது, மயிர்க்கோடு மாதிரி விரிசல் விழும். பின்பக்கம் செதுக்குகிற டிசைன் என்றால் எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினார்களா என்று முதல் துண்டிலேயே பாருங்கள். பன்னிரண்டும் அடித்தபின் பார்த்துப் பயனில்லை. ரெசின் பொம்மை வைத்த கப் கேட்டால் எல்லாருக்கும் ஓட்டக்காரன் பொம்மைதான் இருக்கிறது. சுத்தி எறிகிற பெண்ணுக்கும் கபடி கோச்சுக்கும் அதே ஓட்டக்காரன். அதற்குப் பொம்மை இல்லாத ஆக்ரிலிக்கே மேல். கோச்சுக்கும் வீரருக்கும் ஒரே அளவு மெமென்டோ கொடுங்கள், செட்டில் கோச்சுக்கு ‘சின்னது’ என்று ஒரு மாடல் காட்டுவார்கள்.

படம் வைக்கிற மெமென்டோ என்றால் இரண்டுக்கு இரண்டரை அங்குலப் படத்துக்கு 600க்கு 750 பிக்ஸல் வேண்டும். பழைய பேப்பரிலிருந்து போனில் எடுத்த படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். நல்ல படத்தையும் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும்.

பொன்னாடையைச் செட்டிலிருந்து கழித்துவிடச் சொல்லலாம், கழிக்கிறார்கள். பளபள பாலியஸ்டர், விழா முடிந்ததும் யாரும் வீட்டில் விரிப்பதில்லை. அதே காசில் குத்தாம்புள்ளி கைத்தறி நேரியல் (தோளில் போடும் துண்டு) வாங்கினால் பெரியவர்கள் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போவார்கள்.

வேலை முறையில் கடை நல்ல பெயர் வாங்குகிறது. பாதி முன்பணம், நாலு நாளில் டிசைன் ப்ரூஃப், திருத்தம் எத்தனை முறை சொன்னாலும் தனிக் காசு இல்லை. ஆனால் ப்ரூஃபை வாட்ஸ்அப் படமாக அனுப்பி ‘ஓகேயா’ என்று கேட்கும் வழக்கம். போன் திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறபோது ஒரு தகடுதான் தெரியும், 24ஐயும் ஒப்பிட முடியாது. நிஜ அளவில் காகிதத்தில் அச்செடுத்து, பலகையின் இடத்தில் சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று படியுங்கள். வீரரோ வீட்டில் ஒருவரோ தங்கள் வரிக்குக் கீழே கையெழுத்துப் போடட்டும். இனிஷியல் ‘மு’வா ‘எம்’மா என்பதை அவர்களைத் தவிர வேறு யாரும் முடிவு செய்ய முடியாது. கோயம்புத்தூரில் நேரடியாக எச்சிங் கொடுக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம். பில் 50,000 ரூபாயைத் தாண்டினால் மாநில எல்லையான வாளையாரைக் கடக்க இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும். கடை வழியாகப் போனால் அந்தத் தலைவலி அவர்களுடையது.

பள்ளி விளையாட்டு மீட் நடக்கிற அக்டோபர், நவம்பரில் ஆர்டர் கொடுக்க வேண்டாம். அப்போது உபஜில்லா (துணை மாவட்டம்), ஜில்லா என்று கப் கேட்டு வரிசை நிற்கும், எச்சிங் வேலைக்குப் பதில் சத்தமில்லாமல் சப்ளிமேஷன் வந்து சேரும். ஆர்டர் கொடுக்கும்போதே எட்டு வெற்றுத் தகடு கூடுதலாக வெட்டி, லாக்கர் பூசாமல், ஸ்க்ரூ ஓட்டையோடு எண்ணெய்த் தாளில் சுற்றித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள். மூன்று வருடம் கழித்து வாங்குகிற பித்தளை வேறு மஞ்சளாக இருக்கும், புதிதாகச் சேர்ந்தவரின் தகடு மட்டும் தனியாகத் தெரியும். வெற்றுத் தகட்டிலும் ஐந்து வரிக்கு இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள், மறதியில் பழைய 8க்கு 3ஐயே வெட்டிக் கொடுத்துவிடுவார்கள்.